மாடி அறையில் கிடைத்த படங்கள்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து விற்க முடிவு செய்திருக்கிறோம். மாடி அறையைக் காலி செய்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய பெரிய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றும் (வெண்ணெய்க் கிருஷ்ணன்), சட்டம் போட்ட மூன்று ரவி வர்மா படங்களும் கிடைத்தன. அதில் லட்சுமி படத்துக்கு நிஜத் துணியும் சரிகையும் ஒட்டியிருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய், நாளைக்கே பணம் என்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அவர் மகன், கிருஷ்ணனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் அங்கே நல்ல விலை கிடைக்கும் என்கிறான். படங்களில் கரி படிந்திருக்கிறது, துடைக்கலாமா? மகளான எனக்கு இதில் பங்கு உண்டா? போட்டோக்கள் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

துடைக்கிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் உங்கள் வீட்டில் யாராவது ஈரத்துணியோடு கிளம்பிவிடக்கூடும். துடைக்காதீர்கள். தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்து மேடு மேடாகப் பூசி, அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டிச் செய்வது. பழைய பசைக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் அழுக்கு போகிறதோ இல்லையோ, கிருஷ்ணனின் கன்னம் போய்விடும். விபூதி, எலுமிச்சை, எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் நீங்களே கழற்றாதீர்கள். நாள்பட்ட படங்களில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் கூடவே வரும். வெயில் படாத, ஓதம் இல்லாத அறையில், தரையில் படாமல் வையுங்கள். பலகையின் பின்னால் கரையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருந்து அடிக்காமல், மற்றப் படங்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு வேதியியல் ஆய்வகம் 1930-லிருந்து இருக்கிறது. யாரை அணுகலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

சரி, கையில் இருப்பது என்ன? ரவி வர்மா என்றதும் உங்கள் வீட்டில் யாரோ கோடிக் கணக்குப் போட்டிருப்பார்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லட்சுமி படத்தின் கீழ் ஓரத்தில், ஆங்கிலத்தில், 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா' என்று பொடி எழுத்து தெரிகிறது. ஆக, அது அச்சுப்படம். திருவிதாங்கூரில் திவானாக இருந்த மாதவராவ் சொன்ன யோசனைப்படி ஓவியர் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில வருஷங்களில் அது லோனாவ்லா பக்கம் இடம் மாறியது. கடன் நெருக்க, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைகருக்கே விற்றுவிட்டார். 1906-ல் ரவி வர்மா இறந்த பிறகும் வெகுகாலம் அந்த அச்சகம் அதே பெயரில் படம் போட்டுக்கொண்டிருந்தது. அதனால் பெயரை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. சில அச்சுப்படங்களில் கான்வாஸ் மாதிரி வரிவரியாக அழுத்தி, மேலே வார்னிஷும் பூசியிருப்பார்கள். விரலால் தடவிப் பார்த்து அசல் என்று நம்பிவிடத் தோன்றும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகத்தின் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சுதான்.

அதற்காக அந்த லட்சுமியைக் குறைவாக எடைபோட வேண்டாம். அச்சுப்படத்தின் சேலைமேல் துணி, சரிகை, ஜிகினா, மணி என்று ஒட்டி அலங்கரிப்பது செட்டிநாட்டு வீடுகளில் இருந்த வழக்கம். அச்சகம் எத்தனை பிரதி போட்டிருந்தாலும், இந்தக் கை ஒட்டிய இந்தச் சேலையோடு இருக்கிற லட்சுமி உலகத்தில் ஒன்றுதான். என்னைக் கேட்டால் உங்களிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது அதுதான். துணியைப் பிரித்துச் சுத்தமான பிரின்ட்டாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிருஷ்ணனின் வயதைப் போட்டோ பார்த்து நான் சொல்ல மாட்டேன், சொல்கிறவரை நீங்கள் நம்பவும் வேண்டாம். பழைய தஞ்சாவூர் ஓவியங்களில் ஓவியரின் கையெழுத்து பெரும்பாலும் இருக்காது. வியாபாரிக்கு, விற்கும்போது எல்லாமே தஞ்சை மன்னர் சரபோஜி காலம், வாங்கும்போது எல்லாமே நேற்றுச் செய்தது. பின்பக்கத்தைப் பாருங்கள். பிளைவுட்டாக இருந்தால் ஆசையை அடக்கிக்கொள்ளலாம். பழைய மரப்பலகையாக இருந்தால் ஆணி, கொக்கி, சட்டம் போட்ட கடையின் சீட்டு, பென்சிலில் கிறுக்கிய எண் என்று எது இருந்தாலும் அப்படியே விட்டு, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம், படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் விலை பேசிய கதைகள் உண்டு. நார்வேயில் 1908-ல் ஒரு தொழிலதிபர் டச்சு ஓவியர் வான்கா வரைந்த நிலக்காட்சி என்று சொல்லி ஒரு படம் வாங்கினார். அது போலி என்று யாரோ சொல்ல, மாடிக்குப் போய்விட்டது. 1991-ல் ஆம்ஸ்டர்டாம் வான்கா அருங்காட்சியகமே அது அவருடையது இல்லை என்று திருப்பி அனுப்பியது. அதே அருங்காட்சியகம் 2013-ல் அவருடையதுதான் என்று அறிவித்தது. வண்ணத்தையும் துணியையும் சோதித்தார்கள், உண்மை. ஆனால் பின்னால் எழுதியிருந்த 180 என்ற எண், வான்காவின் தம்பி தியோவிடம் இருந்த படங்களுக்கு 1890-ல் போட்ட பட்டியலில் சரியாக உட்கார்ந்தது. 1888 ஜூலையில் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் முந்தைய நாள் மாலை வரைந்த அந்தக் காட்சியை அவரே விவரித்தும் இருந்தார். பட்டியலும் கடிதமும் இல்லாவிட்டால் இன்றும் அது சந்தேகப் படம்தான்.

உங்கள் ஊர் வீடுகளில் பட்டியலுக்கா பஞ்சம்? கல்யாணச் சாமானை ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிற குடும்பங்கள் நீங்கள். பழைய கணக்கு ஏடு, சீர் எழுதிய நோட்டு, படம் வாங்கிய ரசீது, சுவரில் இந்தப் படம் மாட்டியிருக்கிற பழைய கல்யாணப் போட்டோ எல்லாம் அதே மாடியில்தான் எங்கேயோ கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போவதற்குள் எடுத்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால், அந்தப் படம் எங்கே மாட்டியிருந்தது, எப்போது இறக்கினார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஏடு உங்கள் பங்குக்கும் உதவும். வீட்டுக்குள் இருக்கும் சாமான் வீட்டோடு தானாகப் போய்விடாது. உங்கள் பக்கத்துப் பெரிய கூட்டுக்குடும்ப வீடுகளான வளவு வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை உண்டு என்பதால், படம் யாருடைய அறைச் சாமான் என்பது முதல் கேள்வி. அப்பாவுடையது, அவர் உயில் எழுதவில்லை என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே அவர் பங்கில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை. பிரிக்காத குடும்பச் சொத்தாக இருந்தால் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் பங்குதாரர்தான். அம்மாவோ ஆயாவோ சீராகக் கொண்டுவந்தது என்றால் அது அவர்களுடைய சொத்து, பங்காளிகளுக்கு அதில் வேலையே இல்லை. அப்புறம், வீட்டை விற்கிற ஒப்பந்தத்தில் உள்ளே இருக்கும் அசையும் பொருள்கள் விற்பனையில் சேராது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முன்பே பாகப்பிரிவினை எழுதியிருந்தால் அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

அண்ணன் மகனிடம் பெட்டியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்குக் குறையாத ஓவியமும் கைவினைப் பொருளும் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை. ரவி வர்மா கையால் வரைந்த படம் என்றால் வயது கணக்கே இல்லை, அது தேசியக் கலைச்செல்வம், நாட்டை விட்டுப் போகக் கூடாது. அவ்வளவு பழையது இல்லை என்று தோன்றினாலும், இந்தியத் தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்காமல் விமான நிலையம் போக வேண்டாம்.

உள்நாட்டில் வைத்துக்கொள்ளவும் விற்கவும் தடை இல்லை. ஆனால் 100 வருஷம் தாண்டிய ஓவியத்தைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். கைக்கு வந்த 15 நாளுக்குள் என்பது விதி, வயது தெரியாத நிலையில் இப்போதே தொல்லியல் துறையில் எழுதிக் கேட்டுவிடுங்கள். பதிவு செய்தால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். அருங்காட்சியகத்துக்காக நஷ்டஈடு கொடுத்து எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறதுதான். ஆனால் பதிவு என்பது படத்தோடு உங்கள் பெயரையும் சேர்த்து எழுதி வைப்பது. நாளைக்குத் திருட்டுப் போனால் போலீசிடம் காட்ட அதைவிட நல்ல காகிதம் இல்லை.

கடைசியாக அந்த 40,000 ரூபாய். குறைவா நியாயமா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நான்கு படத்துக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்கிற வியாபாரி பெரும்பாலும் அதில் ஒன்றுக்காகத்தான் வந்திருப்பார். தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். தொல்பொருள் விற்பனைக்கான தொல்லியல் துறை உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். விற்பதென்று முடிவானால் குறைந்தது இரண்டு பேரிடமாவது மதிப்பீடு வாங்குங்கள், அதில் ஒருவர் படத்தை வாங்காத ஆளாக இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகப் பங்குப்படி பிரித்துக்கொள்ளுங்கள். ஓவியம் விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு என்பதை அண்ணனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்ட வழி இருக்கிறது, ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நாளைக்கே பணம் என்கிறவரை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள்.