கணைக்கால் நோவோடு பொலிஸ் தேர்வுக்கு ஓடலாமா?

கேள்வி: பொலிஸ் ஆட்சேர்ப்பின் உடற்தகுதித் தேர்வுக்காக ஒரு மாதமாகத் தினமும் விடியப்புறம் பண்ணை வீதியில் ஓடுகிறேன். இரண்டு வாரமாகக் கணைக்காலின் உட்பக்கம் நோகிறது. இராணுவங்களில் உடலைச் சரியாக அசைக்கப் பழக்கும் ‘அசைவுப் பயிற்சி’ கொடுத்துக் காயங்களைக் குறைக்கிறார்களாம். எனக்கும் உதவுமா?
வாசகர், கொக்குவில்

பதில்: உதவும். ஆனால் முதலில் ஒரு சோதனை. கதிரையில் இருந்து, நோகிற எலும்பின் ஓரத்தை ஒரு விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு மேல் நோ பரவியிருந்தால் பெரும்பாலும் ஓட்டத்தின் சுமை தாங்காத எரிச்சல்தான். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தாலோ எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். ஓட்டத்தை இன்றே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்றேயில் இது தெரியாமல் போவதுண்டு. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றவுடன் சப்பாத்தை மாட்டிவிடாதீர்கள்.

இந்த வெடிப்பு பட்டாளத்துக்குப் பழைய சொந்தம். 1855இலேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ வைத்தியர், நீண்ட அணிநடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி நோவதை எழுதிவைத்தார். எக்ஸ்றே வந்த பிறகுதான் அது எலும்பு வெடிப்பென்று தெரிந்தது. புதிதாகச் சேர்பவர்களின் காயங்களில் பெரும்பகுதி விழுந்து அடிபட்டதல்ல, பழக்கமில்லாத கால் ஓய்வின்றி வாங்கிய அடி. உங்கள் கதையும் அதுதான். ஆகவே தினமும் ஓடுவதை விடுங்கள்.

ஓடமுன் தசையை இழுத்துப் பிடிப்பதை மட்டும் நம்பவேண்டாம். 2000இல் வெளியான அவுஸ்திரேலிய இராணுவ ஆய்வில், 1538 புதியவர்களில் இழுத்தவர்களுக்கும் இழுக்காதவர்களுக்கும் காயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதியை மெல்லக் கீழிறக்கி எழும்புங்கள். 12 தடவை, மூன்று சுற்று. அப்புறம் கண்ணாடி முன் ஒற்றைக்காலில் அரைவாசி குந்துங்கள். முழங்கால் பெருவிரலையும் தாண்டி உள்ளே சரிந்தால் இடுப்பின் பக்கத்தசைக்கு வேலை பழக்கவேண்டும்: கதிரையைப் பிடித்தபடி, முழங்காலை இரண்டாவது விரலுக்கு நேரே வைத்து அதையே செய்யுங்கள். வாரம் மூன்று நாள் போதும். 21 புள்ளிக்கு அசைவை அளக்கும் பரிசோதனையும் இராணுவங்களில் உண்டு. குறையைக் காட்ட அது நல்லது. யார் காயப்படுவார் என்று சாத்திரம் சொல்ல அதை நான் நம்புவதில்லை.

நோ அடங்கும்வரை ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள். யாழ்ப்பாணத்தில் அதற்கா பஞ்சம்? அரை மணி நேரம் வேகமாக நடந்தும், ஒற்றைக்காலில் பத்துத் தடவை துள்ளியும் நோவில்லையென்றால், ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று, நாள் விட்டு நாள் தொடங்குங்கள்.