ரன்வே என்றால் என்ன? புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் அதை ஏன் பார்க்க வேண்டும்?

கையிலுள்ள பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்குதான் ரன்வே. கொடைக்கானலில் மலைப்பூண்டு ஊறுகாய் போட்டு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 6 லட்சம். மாதச் செலவு 80 ஆயிரம், கைக்கு வருவது 30 ஆயிரம். மாதம் 50 ஆயிரம் கரைகிறது. ஆக, 12 மாதம்.

வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரிதான் இது. கோடையில் 40 நாள் வருவது, டிசம்பர் குளிரில் வெந்நீர் போட்டே 25 நாளில் தீர்ந்துவிடும். எரிகிற வேகம் ஒரே மாதிரி இருக்காது.

பலர் தடுமாறுவது இங்கேதான். அறுவடை நேரத்தில் பூண்டை மொத்தமாக வாங்கியாக வேண்டும், விவசாயிக்கு அன்றே பணம். மதுரைக் கடைக்காரர் தருவதோ இரண்டு மாதம் கழித்து. அந்த இடைவெளியில் ‘12 மாதம்’ சட்டென்று சுருங்கிவிடும். அதனால் சராசரியை நம்பாதீர்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் வரவு செலவைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவையும் முதல் வாரமே செய்துவிடுங்கள், இலவசம்தான். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் கேட்கலாம்.

லாபம் வந்துவிட்டால் ரன்வே பார்க்கத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; பில்லில் இருக்கும் லாபம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அதை வைத்துச் சம்பளம் போட முடியாது.