நோட்டு நிரம்பியும் கையெழுத்து திருந்தாதது ஏன்?

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன்; வயது 41. நான்கு கோடு நோட்டு மூன்றை நிரப்பிவிட்டேன். ஆனாலும், மாணவர் நோட்டில் நான் கர்சிவில் (ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் முறை) எழுதும் குறிப்பைப் பெற்றோரால் படிக்க முடிவதில்லை. இந்த வயதுக்கு மேல் கையெழுத்து திருந்துமா?
– வாசகி, தஞ்சாவூர்.

பதில்: திருந்தும். நோட்டை நிரப்பியதில் குறையில்லை; நிரப்பியதைத் திரும்பிப் பார்த்தீர்களா என்பதுதான் என் ஐயம். முதல் வரியில் செய்த பிழையை இருபதாம் வரி வரை அப்படியே எழுதினால், கைக்குப் பழகுவது அந்தப் பிழையே. ஆகவே பயிற்சியைச் சில நாள் நிறுத்திவிட்டு, மாணவர் நோட்டைத் திருத்தும் அதே கண்ணோடு உங்கள் எழுத்தைப் பாருங்கள்.

கோடு போடாத தாளில் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதுங்கள்: ஒரு முறை நிதானமாக, ஒரு முறை வகுப்பில் எழுதும் வேகத்தில். 26 எழுத்துகளும் வரும் 'தி குவிக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் தி லேசி டாக்' இதற்கு வசதி. தேதி குறித்து, இரண்டு நாள் கழித்து எடுங்கள். எழுதிய உடனே பார்த்தால், என்ன எழுத நினைத்தோமோ அதையே கண் படித்துவிடும். உயரமான எழுத்துகளின் தண்டுகள் மேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுங்கள். கோடுகள் ஆளுக்கொரு பக்கம் போனால் கோளாறு சாய்வில் இருக்கிறது. 55 பாகை என்பது காப்பர்பிளேட் என்ற அலங்காரக் கையெழுத்து எழுதுவோரின் கணக்கு. நமக்கு எல்லா எழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். நிதானத்தில் நன்றாகவும் வேகத்தில் மோசமாகவும் இருந்தால், உங்களுக்கு வடிவம் தெரியும், வேகம்தான் கெடுக்கிறது என்று பொருள். இரண்டுமே மோசமென்றால் வடிவத்தையே மறுபடி கற்க வேண்டும்.

நான் பார்த்தவரை, படிக்க முடியாமல் செய்பவை நான்கைந்து எழுத்துகளே. 'ஏ'யின் தலை மூடாவிட்டால் அது 'யூ' ஆகிறது. 'டியர்' என்பதன் முதலெழுத்தில் வட்டமும் தண்டும் விலகினால் 'கிளியர்' ஆகிவிடும் ('கிளியர் பேரண்ட்' என்று அழைக்கப்பட்டால் எந்தப் பெற்றோர் கோபிக்கப் போகிறார்!). இணைப்பில் பி (b), ஓ, வி, டபிள்யூ நான்கும் தனி இனம்: மற்றவற்றில் பெரும்பாலானவை அடிக்கோட்டிலிருந்து அடுத்த எழுத்துக்குப் போக, இவை மேலிருந்தே கை நீட்டும். அந்தக் கையைக் கீழே இறக்கினால் 'ஓ' என்பது 'ஏ' போலத் தெரியும்.

வாரத்துக்கு ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, தினமும் 15 நிமிடம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். ஒவ்வொரு வரி முடிந்ததும் அதில் நன்றாக அமைந்த ஒன்றை வட்டமிட்டு, அதைப் பார்த்து அடுத்த வரியை எழுதுங்கள். மாதம் ஒரு முறை பழைய வாக்கியத்தையே எழுதி, முதல் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாளின் பின்பக்கத்தைத் தடவும்போது எழுத்து புடைத்துத் தெரிந்தால், பேனாவை அழுத்திப் பிடிக்கிறீர்கள். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்டின் பால்மர் பரப்பிய முறை, விரல்களை மட்டும் அசைக்காமல் முன்கையை நகர்த்தி எழுதச் சொன்னது. நீண்ட நேரம் எழுதுவோருக்கு அது இன்றும் பொருந்தும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். இளமையில் கையெழுத்தை அலட்சியம் செய்ததற்குக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் வருந்துகிறார். பின்னாளில் திருத்த முயன்றபோது காலம் கடந்துவிட்டது என்கிறார். இந்த ஒன்றில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு வேண்டியது அழகு அன்று, தெளிவு. அது 41 வயதில் கைகூடக்கூடியதே.

கேள்வி: தமிழ்க் கையெழுத்துக்கும் இதே பயிற்சி உதவுமா?
– வாசகர், நாகர்கோவில்.

பதில்: சோதிக்கும் முறை உதவும், சாய்வும் இணைப்பும் வேண்டாம், தமிழெழுத்து தனித்தனியே நிற்பது. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமல் விட்டதாலும், துணைக்காலையும் (ா) ரகரத்தையும் ஒன்றுபோல எழுதியதாலும் சுவடி படித்தோர் தடுமாறினர். அவசரத்தில் நாம் எழுதும் தாளிலும் முதலில் தேட வேண்டியவை இவையே. அடுத்து, ணகர னகரங்களின் சுழிகளை எண்ணிப் பாருங்கள்.