குடைக்கம்பி, தாம்பாளம், முற்றத்துக் கம்பிவலை: கேள்வி பதில்

ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) ஆன்டெனாவுக்கு வீட்டுச் சாமானை வைத்தே கிரவுண்ட் பிளேன், அதாவது ஆன்டெனாவின் அடியில் விரிக்கும் உலோகப் பரப்பு, அமைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டார்கள்.

தேவகோட்டை நண்பர்: 145 மெகாஹெர்ட்ஸுக்கு (இரண்டு மீட்டர் அலை) அலைநீளத்தில் கால் பங்குக் கம்பி நிறுத்தியிருக்கிறேன். கீழே வைக்கும் கம்பிகளைக் கடையில்தான் வாங்க வேண்டுமா அண்ணே?

வேண்டாம். நிற்கிற கம்பி ஆன்டெனாவில் பாதிதான். மீதிப் பாதி அதன் அடியில் இருப்பது. அதை வைக்காவிட்டால் மின்னோட்டம் கேபிளின் மேல் பின்னலையே மீதிப் பாதியாக எடுத்துக்கொள்ளும். கேபிளைக் கையால் பிடித்தாலே, ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் மீட்டரின் முள் ஆடும். கிழிந்த கறுப்புக் குடையின் கம்பிகள் போதும், நீளம் எட்டாவிட்டால் துணி காயப்போடும் ஜிஐ கம்பி. நிற்பது 49 செ.மீ., கீழே நான்கு, ஒவ்வொன்றும் 51 அல்லது 52. நான்கையும் 45 டிகிரி சரித்து விடுங்கள், கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மட்டமாக நீட்டினால் அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். கம்பியின் பெயின்டைச் சுரண்டிவிட்டு போல்ட்டு, வாஷர் போட்டு இறுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மாடியை ஒட்டி இபி லைன் போகிறதா என்று பாருங்கள். ஆன்டெனா சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.

புதுவயல்: தோட்டத்தில் உப்பும் கரியும் போட்ட எர்த் குழி இருக்கிறது. அதில் இணைத்தால் கிரவுண்ட் பிளேன் ஆகிவிடாதா?

ஆகாது. மாடியிலிருந்து குழிவரை 10 மீட்டர் கம்பி என்றால் இந்த அலைக்கு அது கிட்டத்தட்ட ஐந்து அலைநீளம். அந்தக் கோடியில் மண் ஈரமா காய்ந்ததா என்பது ஆன்டெனாவுக்குத் தெரியவே தெரியாது. எர்த் பாதுகாப்புக்கு, அது இருக்கட்டும். இடி வரும்போல் இருந்தால் முன்னாலேயே கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள்.

கண்டனூர்: கோடை எஃப்எம் (கொடைக்கானல் வானொலி) 100.5 தெளிவாகக் கேட்க?

71 செ.மீ. கம்பி, அடியில் அதே அளவில் நான்கு. கேட்க மட்டும்தான் என்பதால் விரல்கடை முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

பள்ளத்தூர்: ஆச்சியின் பித்தளைத் தாம்பாளத்தின் மேல் ஆன்டெனா வைத்தேன். எவர்சில்வர் தட்டில் வைத்ததைவிட வெகுதூரம் போகிறது. பித்தளைக்கு ஈடு இல்லை!

இதற்குப் பிறகு நான் எழுதியதைவிட மற்றவர்கள் எழுதியதுதான் அதிகம். பித்தளைக் கட்சி, எவர்சில்வர் கட்சி, நடுவில் ஒருவர் செப்பு அண்டாவைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். சரி, கேட்கிறேன்: எவர்சில்வர் தட்டு எங்கே இருந்தது? “கீழே வளவில்.” தாம்பாளம்? “இரண்டாம் மாடியில்.” அப்புறம் தூரம் போகாமல் என்ன செய்யும்? அகலமான தகட்டில் மின்னோட்டம் பரவி ஓடுவதால் உலோக வித்தியாசம் மீட்டரில் தெரியாது. தெரிவது அகலமும் உயரமும். 145க்கு ஒரு மீட்டர் குறுக்களவு வேண்டும், தாம்பாளம் போதாது. ஆனால் 435 மெகாஹெர்ட்ஸுக்கு 33 செ.மீ. தாம்பாளம் அளந்து செய்ததுபோல் பொருந்தும். ஒரே வம்பு, ஆன்டெனாவின் காந்த அடி பித்தளையில் ஒட்டவே ஒட்டாது, எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது.

காரைக்குடி: முற்றத்து மேல் போட்ட கம்பிவலை கிரவுண்ட் பிளேன் ஆகுமா?

அருமையான கேள்வி. இரண்டு மீட்டர் அலைக்கு அரைச் சாண் ஓட்டை ஓட்டையே இல்லை, முழுத் தகடு மாதிரிதான். கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, சந்திக்கும் இடத்தில் பற்றவைத்திருக்க வேண்டும். துருப்பிடித்த இணைப்பு கரகரக்கும்.

பெயர் சொல்லாதவர்: லைசென்ஸ் இல்லாமல் பேசலாமா?

கூடாது. ஹாம் லைசென்ஸுக்கான ஏஎஸ்ஓசி தேர்வு எழுதுங்கள்.

இன்னொருவர்: பிளக்கின் எர்த் பின்னில் இணைத்தால்?

புதுவயலுக்குச் சொன்னதைப் படியுங்கள். பிளக் பக்கமே போகாதீர்கள்.

பள்ளத்தூர், மறுபடி: அதே மாடியில் தாம்பாளத்தை எடுத்துவிட்டு அதே அகல எவர்சில்வர் தட்டை வைத்தேன். முள் அசையவில்லை. தாம்பாளத்தை ஆச்சி வாங்கிக்கொண்டு போய்விட்டார், நடுவில் நான் போட்ட ஓட்டையை இன்னும் பார்க்கவில்லை.

ஓட்டை போட்டீர்களா? அதற்கு என்னிடம் பதில் இல்லை.