உங்கள் நாய் ஆறுதல் சொல்லப் போகுமா? – செல்லப்பிராணிகள் கேள்வி பதில்

வளர்ப்பு நாயை மருத்துவமனை, முதியோர் இல்லம், நூலகம் போன்ற இடங்களுக்கு அழைத்துப் போய், அங்கே இருப்பவர்களோடு சற்று நேரம் இருக்கச் செய்யும் தன்னார்வப் பணி பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இப்படிப் போகும் நாயைத் 'தெரபி நாய்' என்பார்கள். நாய்ப் பயிற்சியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

எங்கள் லாப்ரடார் பிரவுனிக்கு இரண்டு வயது. யாரைப் பார்த்தாலும் பாய்ந்து போய்க் கொஞ்சுவான். பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அவனைக் கூட்டிப் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

அந்தப் 'பாய்ந்து போய்' என்பதிலிருந்தே தொடங்குங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களின் கைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். முப்பது கிலோ நாயின் நகம் ஒன்று பட்டாலே கிழிந்துவிடும். பிரவுனி போன்ற நாய்கள் இந்தப் பணிக்கான தேர்வில் தவறுவது இந்த அளவு மீறிய பாசத்தால்தான்.

உங்கள் மாநிலத்துக்கும் இந்தப் பணிக்கும் பழைய உறவு உண்டு. 1976ல் எலைன் ஸ்மித் என்ற செவிலியர் 'தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல்' அமைப்பைத் தொடங்கியது நியூஜெர்சியில்தான். இன்று அமெரிக்கா முழுக்கப் பரவியிருப்பவற்றுள் முக்கியமானவை 'பெட் பார்ட்னர்ஸ்', 'அலையன்ஸ் ஆஃப் தெரபி டாக்ஸ்'. இரண்டின் வழியும் வேறு. பெட் பார்ட்னர்ஸில் நாய்க்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், உங்களோடு ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். முதலில் பாடம் படிப்பது நீங்கள்தான், நாய் இல்லை. பிறகு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலப் படிவம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, அதற்குப் பின் நேரில் தேர்வு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வு எழுதத்தான் வேண்டும். அலையன்ஸில், நாயை நீங்கள் கையாளும் விதத்தைப் பார்க்கும் ஒரு தேர்வு முடிந்ததும், உண்மையான இடங்களுக்கே மூன்று முறை போக வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் கூடவே வந்து கவனிப்பார். கூச்சம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது முறை எளிதாக இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

எந்த அமைப்பானாலும் பதிவு செய்துகொண்டு போவதே நல்லது. நாயால் யாருக்காவது காயம் பட்டால் அமைப்பின் காப்பீடு கைகொடுக்கும். ஆனால் தன்னார்வலராக, அமைப்பின் விதிப்படி, பதிவான நாயோடு போயிருந்தால்தான் அது செல்லும். இன்னொரு நாயையும் 'சும்மா' கூட்டிப் போனால் செல்லாது.

தேர்வில் என்ன நடக்கும்? அறியாதவர் ஒருவர் வந்து முரட்டுத்தனமாக, விரல்களை மடக்கிக்கொண்டு தடவுவார். கழுத்தைச் சுற்றிக் கட்டிப்பிடிப்பார். ஒருவர் தள்ளாடியபடி, கைகளை வீசிக்கொண்டு வருவார். இரண்டு பேர் சத்தம் போட்டுச் சண்டையிடுவார்கள். பின்னாலிருந்து ஒருவர் இடிப்பார். மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்து தொடுவார்கள். வழியில் ஒரு பொம்மை கிடக்கும், தொடக்கூடாது. இன்னொரு நாய் கடந்து போகும். இதிலெல்லாம் நாய் திடுக்கிடுவது தவறில்லை. திடுக்கிட்டபின் எத்தனை விநாடியில் உங்களைத் திரும்பிப் பார்த்து நிதானத்துக்கு வருகிறது என்பதைத்தான் தேர்வாளர் பார்ப்பார். அவர் பார்க்கும் இன்னொன்று உங்களை. நாய் சங்கடப்படும்போது நீங்கள் பேச்சு மும்முரத்தில் கவனிக்காமல் நின்றால் மதிப்பெண் குறைவது உங்களுக்கு.

வீட்டில் மூன்று விஷயங்களைப் பழக்குங்கள்.

பாய்வதற்கு: நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டுமே தடவல் கிடைக்கும். முன்கால் எழும்பிய நொடியே விருந்தாளி கையை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிட வேண்டும். 'கீழே இறங்கு' என்று கத்துவதும், கையால் தள்ளுவதும் பிரவுனிக்கு விளையாட்டாகத்தான் தோன்றும். வீட்டில் ஒருவர் மட்டும் 'பரவாயில்லை, வரட்டும்' என்று செல்லம் கொடுத்தால் மூன்று மாத உழைப்பும் வீண். இந்தப் பயிற்சி கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

'விடு' என்ற கட்டளைக்கு: முதலில் மூடிய கைக்குள் பிஸ்கட். நாய் மூக்கை விலக்கிக்கொண்டதும் மறு கையிலிருந்து வேறொரு துண்டு கொடுங்கள். அடுத்து தரையில், உங்கள் செருப்புக்கு அடியில். பிறகு திறந்த தரையில், லீஷோடு (கழுத்துப்பட்டையில் மாட்டிப் பிடிக்கும் வார்) கடந்து நடக்கும்போது. கடைசியாக, நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் 'தவறவிட' வேண்டும். இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. முதியோர் இல்லத்தில் கட்டிலடியில் மாத்திரை கிடப்பது சகஜம். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். திராட்சை, சாக்லேட் இரண்டும் பாட்டிகள் பாசத்தோடு நீட்டுபவை, இரண்டும் நாய்க்கு விஷம்.

வாக்கர், சக்கர நாற்காலி, ஊன்றுகோல்: நிற்கும் நாற்காலியை மூன்று மீட்டர் தள்ளிக் காட்டுங்கள். நாய் தானாக முகர்ந்து பார்த்து அலட்சியமாகும்வரை அதை உருட்டாதீர்கள். அடுத்த நாள் காலியாக உருட்டலாம், அதற்கடுத்து ஆள் உட்கார்ந்து. நாற்காலியின் பக்கவாட்டில் நெருங்கப் பழக்குங்கள். முன்னாலிருந்து வந்தால் கால்தாங்கியில் பாதம் சிக்கும்.

இடையில் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் 'கெனைன் குட் சிட்டிசன்' தேர்வை எழுதுங்கள். 1989லிருந்து நடக்கும் இதில் பத்துப் பயிற்சிகள் உண்டு. நல்ல படிக்கட்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குள் போய்விட முடியாது.

மூன்று வயது நாட்டு நாய் வளர்க்கிறேன். தெருவில் குட்டியாக எடுத்தது. இதெல்லாம் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவருக்குத்தானா? சென்னையில் சான்றிதழ் எங்கே வாங்குவது?
– வாசகர், வேளச்சேரி

இனம் ஒரு தடையே இல்லை. குணம்தான் கணக்கு. சென்னையில் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா நடத்திய 'டாக்டர் டாக்' திட்டம், ஹாங்காங்கில் 1991ல் விலங்குநல ஆர்வலர் ஜில் ராபின்சன் தொடங்கியதன் தொடர்ச்சி. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன் இத்துறையில் பல ஆண்டுகளாக இயங்குகிறது. இதற்கென்று அரசு தரும் பொதுச் சான்றிதழ் இந்தியாவில் கிடையாது. படம் அனுப்பினால் தபாலில் அடையாள அட்டையும் சட்டையும் அனுப்பும் இணையதளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். நாயைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்கும் அட்டைக்கு எந்த மதிப்பும் இல்லை.

தெருவில் பிறந்த நாய்களில் சில, தலைக்கு மேலே வரும் கையைக் கண்டால் பதுங்கும். கல் எடுக்கக் குனிவதும் தடவக் குனிவதும் அவற்றுக்கு ஒன்றாகத் தெரியும். அதனால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: முன்பின் தெரியாத நண்பர் ஒருவர் பக்கவாட்டில் உட்காரட்டும். நாய் தானாக வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கு விருப்பம். அசையாமல் நின்றால் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விலகினால் பதில் தெளிவு. வெவ்வேறு நாளில், வெவ்வேறு வயதுள்ள பத்துப் பேரிடம் பாருங்கள். பொறுத்துக்கொள்ளும் நாயை தெரபி நாயாக்க முயலாதீர்கள். பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு, அது ஒரு குழந்தையின் முகத்தருகே முடிந்துவிடக்கூடாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். வீட்டாரிடம் உயிராக இருந்து அந்நியரிடம் ஒதுங்குவது அந்த நாய்களின் இயல்பு, குறை அல்ல.

சோதனையில் தேறினால் சிறிய இடத்தில் தொடங்குங்கள்: இருபது பேருக்குள் உள்ள முதியோர் இல்லமோ சிறப்புப் பள்ளியோ. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாநகராட்சி உரிமம், ரேபிஸ் ஊசிப் பதிவு, குடற்புழு நீக்கத் தேதி, கால்நடை மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி சென்னை நாய்க்கு அவசியம். போகும் முன் காதுமடல், கால்விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி பாருங்கள். ஒரே ஒரு உண்ணி படுக்கையில் விழுந்தாலும் அந்த இல்லத்தின் கதவு அடுத்த முறை திறக்காது.

நம் ஊரில் தெருநாய் துரத்தியவர்கள், கடிபட்டவர்கள் ஏராளம். சமய வழக்கப்படி நாயின் எச்சில் படக்கூடாது என்பவர்களும் உண்டு. ஆகவே அறைக்கு அனுமதி வாங்கினால் போதாது. அறையில் உள்ள ஒவ்வொருவரிடமும், வாசலிலேயே நின்று, 'உள்ளே வரலாமா?' என்று கேளுங்கள். நேரம் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

எங்கள் நாய்க்குப் பச்சை இறைச்சி உணவு கொடுக்கிறோம். மிக ஆரோக்கியமாக இருக்கிறாள். இதற்காக அவளைத் தெரபி நாயாகச் சேர்க்க ஏன் மறுக்கிறார்கள்?
– வாசகி, ஸ்கார்பரோ, டொரான்டோ

அவள் ஆரோக்கியமாக இருப்பதுதான் சிக்கல். பச்சை இறைச்சியில் உள்ள சால்மொனெல்லா கிருமி நாய்க்கு ஒன்றும் செய்யாமல் மலத்திலும் எச்சிலிலும் வெளியேறிக்கொண்டிருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. உலர்த்திய பன்றிக் காதுத் தின்பண்டமும் இதில் அடங்கும். 2019ல் அமெரிக்காவில் அதைக் கையாண்ட மனிதர்களிடையே சால்மொனெல்லா நோய் பரவியது. மருத்துவமனைகளுக்கான வழிகாட்டுதல்கள் பச்சை இறைச்சியை நிறுத்தி 90 நாள் ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. சமைத்த உணவுக்குப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும்.

போன மாதம்தான் மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினோம். திரும்பியதும் டாமி அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறான், சில நாள் காரில் ஏறவே தயங்குகிறான். எவ்வளவு நேரம் போகலாம்? என்னென்ன எடுத்துப் போவது?
– வாசகர், ஹாரோ, லண்டன்

தூக்கம் சரி. காரில் ஏறத் தயங்குவதுதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது. உங்கள் நாட்டில் 1983லிருந்து இயங்கும் 'பெட்ஸ் ஆஸ் தெரபி' ஒன்பது மாத நாயைக்கூடச் சேர்க்கிறது. இளம் நாயானால் களைப்பு சீக்கிரம் வரும். பெட் பார்ட்னர்ஸ் விதிக்கும் உச்சவரம்பு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் நாங்கள் சொல்வது இருபது நிமிடம். ஒரு மாதம் அதைத் தாண்டாதீர்கள்.

நாய் 'போதும்' என்று பலமுறை சொல்கிறது. ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, நனையாதபோதும் உடலை உதறுவது, ஏசி அறையிலும் மூச்சிரைப்பு, தரையில் ஈரப் பாதச்சுவடு. வால் ஆடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கீழே இறங்கி, விறைப்பாக, வேகமாக ஆடும் வாலும் பதற்றம்தான். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால், 'டாமிக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சொல்லி அறையை விட்டு வந்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் வருந்துவாரே என்ற தயக்கம் புரிகிறது. ஆனாலும் அந்த அறையில் டாமிக்காகப் பேச உங்களைத் தவிர யாரும் இல்லை.

டாமிக்கு முதலில் ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். பிறகு அதே மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்துக்கு மட்டும் போய், உலாவிவிட்டுத் திரும்புங்கள். தானாகக் காரில் ஏறினால் தொடரலாம்.

பைக்குள்: தண்ணீர், கிண்ணம், ஈரத்துடைப்பான், மலப் பை, கைச்சுத்திகரிப்பான், உடையில் ஒட்டிய ரோமம் எடுக்கும் உருளை, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் சலவை விரிப்பு. முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்து, பாதத்திண்டுகளுக்கு நடுவே உள்ள ரோமத்தைக் கத்தரியுங்கள். பளபளத் தரையில் நாய் வழுக்குவதும், வழுக்கியபின் அந்த இடத்துக்கே வர மறுப்பதும் அந்த ரோமத்தால்தான். லீஷ் ஆறடிக்குள், சாதாரணப் பட்டையாக இருக்கட்டும். இழுக்க இழுக்க நீளும் வகை வேண்டாம். மூச்சை இறுக்கும் சங்கிலியும் முள் காலரும் வேண்டவே வேண்டாம். அவை இருந்தால்தான் அடங்குவான் என்றால் நாய் இன்னும் தயாராகவில்லை.

கட்டிலருகே: நோயாளி முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆல்கஹால் திரவம் காய்ந்தபிறகே நாயைத் தொடவிடுங்கள், நக்கினால் வயிற்றுக்கு ஆகாது. குளுக்கோஸ் ஏறாத கையின் பக்கமாக நெருங்குங்கள். விரிப்பைப் போட்டபிறகே கட்டிலில் ஏற்றுங்கள், அதுவும் செவிலியர் சம்மதித்தால். முகத்தையும் காயத்தையும் நக்க விடாதீர்கள். வார்டில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருப்பதாகச் சொன்னால் அன்று திரும்பிவிடுங்கள். அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

பையனுக்கு வகுப்பில் உரக்கப் படிக்கக் கூச்சம். நாயிடம் படிக்கும் திட்டம் உண்டாமே?
– வாசகி, சான் ஹோசே

உண்டு. 1999ல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய திட்டம் அது. ஒரு குழந்தை, ஒரு நாய், ஒரு விரிப்பு, பதினைந்து இருபது நிமிடம். நாய் இடைமறிக்காது, திருத்தாது. நாயைப் பிடித்திருப்பவரும் திருத்தக்கூடாது. சொல்லில் தடுமாறினால், 'நாய்க்கு அந்தச் சொல் புதுசு, நாம் சேர்ந்து பார்க்கலாமா?' என்று கேட்டால் போதும். உங்கள் நூலகத்தில் விசாரியுங்கள். தமிழ்ப் புத்தகமும் எடுத்துப் போங்கள், நாய்க்கு மொழி பேதம் இல்லை.

தெரபி நாயாகப் பதிவு செய்தால் விமானத்திலும் கடைகளிலும் அனுமதி உண்டா?
– வாசகர், டாலஸ்

இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் அந்த உரிமை, உடற்குறையோ மனநோயோ உள்ள ஒருவருக்காகத் தனிப்பயிற்சி பெற்ற சேவை நாய்க்கு மட்டும்தான். ஆறுதல் துணை விலங்குகளை அனுமதிக்கும் கட்டாயமும் 2021 ஜனவரியிலிருந்து விமான நிறுவனங்களுக்கு இல்லை. தெரபி நாய் அழைத்த இடத்துக்கு மட்டும் போகும். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், உண்மையாகவே சேவை நாயை நம்பி வாழ்பவர்களுக்குத்தான் கெடுதல்.

எங்கள் தெரபி நாய்க்குப் பதினொரு வயதாகிறது, மூட்டுவலி. எப்போது நிறுத்துவது?
– வாசகி, கோவை

வலியுள்ள இடத்தில் தெரியாமல் ஒரு கை அழுந்தினால், இத்தனை வருடம் பல்லைக் காட்டாத நாயும் திரும்பும். ஆகவே மருத்துவர் மூட்டுவலி என்றதுமே மருத்துவமனை, குழந்தைகள் கூட்டம் இரண்டையும் நிறுத்துங்கள். பழகிய முதியவர் ஒருவர் இருந்தால், மெத்தை விரிப்போடு, பத்து நிமிடம் போய்வரலாம். பணிக்குப் போகும்போது கட்டும் கழுத்துத் துணியை நீங்கள் கையில் எடுத்ததும் எழுந்து வராமல் படுத்தபடியே உங்களைப் பார்த்தால், துணியை மடித்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.