பணிவிலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

கேள்வி: சேதராப்பட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. முதல் பிரசவம், ஏழாவது மாதம். "பிரசவம் முடிந்து வா, மறுபடி எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பணிவிலகல் கடிதம் கேட்கிறார்கள். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் விதிப்படி வழக்குப் போடலாமா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: மேலாளர் பேசியதெல்லாம் கொடுமைதான்; வழக்குக்கு உதவாது. கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பன்னாட்டு விதியை விட்டுவிடுங்கள். அந்த அமைப்பின் மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கையில் (2000-ஆம் ஆண்டு, 183-ஆம் எண்) இந்தியா சேரவில்லை. அது சொல்வதும் 14 வார மகப்பேறு விடுப்புதான். நம் சட்டம் உங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் தருகிறது. நீக்கத்துக்குக் கர்ப்பம் காரணமல்ல என்று முதலாளியே நிரூபிக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையில் ஒரு நல்ல விதி உண்டு. அதை நம்பி இங்கே இறங்காதீர்கள்.

கர்ப்பிணியை நீக்கக் கூடாது என்கிறது சட்டம். தானாக விலகியவரை அது காப்பாற்றாது. என்னிடம் வந்த பெண்கள் பலர் சிக்கியது இங்கேதான். கடிதத்தை நிறுவனமே தட்டச்சு செய்து நீட்டும். "சொந்தக் காரணங்களால், சுயவிருப்பத்தின் பேரில்" என்று இருக்கும்; தேதி போட வேண்டிய இடம் காலியாக இருக்கும். கூடவே, "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது ஒன்று. குழந்தையோடு திரும்பி வந்தால் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். வாய்வார்த்தைக்குச் சாட்சி சொல்ல உடன் வேலை செய்பவர் யாரும் வரமாட்டார். அவருக்கும் வேலை வேண்டுமே.

கையெழுத்துப் போட்டிருந்தால், விலகல் நடைமுறைக்கு வருமுன் இன்றே திரும்பப் பெறுங்கள். ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். போடவில்லையென்றால் மகப்பேறு விடுப்புக்கான அறிவிப்பை அதே வழியில் அனுப்புங்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று தொலைபேசியில் சொன்னால், வேலைக்கு வரத் தயாராக இருப்பதாக அன்றே எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்துவிட்டால், சொல்லாமல் நின்றுவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். நீக்க உத்தரவு கைக்கு வந்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். பச்சிளங்குழந்தையோடு அது போவதே தெரியாது.

அங்கே திரும்பிப் போக மனமில்லையென்றால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். 26 வாரச் சம்பளம், மருத்துவ போனஸ் 3,500 ரூபாய், அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேளுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு மட்டுமே கையெழுத்து.