தோப்பை வைத்துக் கார் டிசைன் படிக்க அனுப்பலாமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பும் ஒரு வீடும் உண்டு. மகனுக்கு 24 வயது. மெக்கானிக்கல் பி.டெக். முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் கேட்டியா என்ற கணினி மென்பொருளில் பாகங்கள் வரைகிற வேலையில் இருக்கிறான். கைக்கு 28,000 ரூபாய் வருகிறது. கார் டிசைன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறேன் என்கிறான். ஒரு வருடப் படிப்புக்கு எல்லாம் சேர்த்து 35 லட்சம் ஆகுமாம். தோப்பை ஈடு வைக்கலாமா? எனக்கு வயது 57.

பதில்: தோப்பை நீங்கள் நீட்டினாலும் பெரும்பாலான வங்கிகள் வாங்காது. கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் மேனேஜரின் பார்வை நேராக உங்கள் வீட்டின் மேல்தான் விழும். ஆதாரம் (கிரையப் பத்திரம்), முன்னாதாரம் (அதற்கு முந்தைய பத்திரம்), இந்த வருடம் கரம் (நில வரி) கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீஸ் தரும் கைவசச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் கேட்பார்கள். கர ரசீதில் 'புரையிடம்' (வீடு, தோட்டத்துக்கான மேட்டு நிலம்) என்றிருக்கிறதா, 'நிலம்' (நெல்வயல்) என்றிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வீடு நிற்கிற இடம் பழைய வயல் கணக்கில் 'நிலம்' என்றே கிடந்தால், கேரளத்தின் 2008-ம் ஆண்டு நெல்வயல் சட்டப்படி தன்மை மாற்றி வரச் சொல்வார்கள். அந்த மனு நகர்வதற்குள் செப்டம்பர் சேர்க்கை முடிந்துவிடும்.

பத்திரம் சுத்தமாக இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. 35 லட்சம், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். படிக்கும் ஒரு வருடம், பிறகு ஒரு வருடம் தவணை கிடையாது. ஆனால் வட்டி மாதம் 29,000 ரூபாய்க்கு மேல் ஓடும். கட்டாமல் விட்டால் 2 வருடத்தில் கடன் 42 லட்சமாகி, 10 வருடத் தவணை 55,500 ரூபாய் வரும். வட்டியை மாதாமாதம் கட்டி வந்தால் 46,250. கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது. அப்படியானால் அவன் மாதம் 1.4 லட்சம் வாங்க வேண்டும். அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடுவேன் என்பான். படித்து முடித்தபின் தங்க அங்கே 2 வருடம் தந்துகொண்டிருந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைக்க வேண்டும்.

இனித் தொழில். கார் கம்பெனி ஸ்டுடியோவில் வெளித்தோற்றம் வரைகிற நாற்காலிகள் எப்போதும் கொஞ்சம்தான். உள்ளலங்காரம், நிறமும் துணியும் பார்ப்பவர்கள், திரை வடிவமைப்பாளர்கள், களிமண் மாடல் செய்பவர்கள், ஏலியஸ் என்ற மென்பொருளில் பரப்பு வார்ப்பவர்கள், ஸ்டுடியோ இன்ஜினீயர்கள் என்று மற்றவை நிறைய. உங்கள் மகனுக்கு இதில் எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள். ஏலியஸில் கிளாஸ் ஏ பரப்பு, அதாவது கண்ணில் படும் வழுவழுப்பான இறுதிப் பரப்பு, செய்கிற வேலைதான் பிடிக்கும் என்றால் 35 லட்சப் பட்டம் தேவையே இல்லை. ஏற்கெனவே கேட்டியா தெரிந்தவன் ஒரு வருடம் உட்கார்ந்து பழகினால் போதும். வரைகிற நாற்காலிதான் வேண்டும் என்றால் எம்.டெஸ். என்ற டிசைன் மேற்படிப்பு உதவும், அதை இந்தியாவிலேயே படிக்கலாம். காந்திநகரில் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில் (என்.ஐ.டி.) வாகன வடிவமைப்புக்கென்றே எம்.டெஸ். உண்டு; நுழைவு டாட் (DAT) தேர்வு வழியாக. ஐ.ஐ.டி. பம்பாயில் மொபிலிட்டி அண்ட் வெஹிக்கிள் டிசைன். அதற்கு ஜனவரியில் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு. இன்று மஹிந்திராவின் டிசைன் தலைமையில் இருக்கும் பிரதாப் போஸ் முதலில் படித்தது என்.ஐ.டி.யில்தான், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் அதற்குப் பிறகு.

இங்கே விடுதி, லேப்டாப், களிமண் வரை எல்லாம் சேர்த்து 12 லட்சம் கடன் என்று தாராளமாகவே வைப்போம். 9 சதவீதத்தில், படிக்கும்போது வட்டி கட்டி வந்தால் 10 வருடத் தவணை 15,200. அதற்கு 46,000 சம்பளம் போதும். இங்கிலாந்துக் கடனில் தவணையாக மட்டுமே போகிற தொகை அது! ஐ.ஐ.டி. மாதிரி பட்டியலில் உள்ள நிறுவனம் என்றால் பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசுக் கல்விக் கடன் திட்டத்தில் ஈடும் ஜாமீனும் கேட்கமாட்டார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

அதுவரை வேலையை விடவேண்டாம். தேர்விலும் நேர்காணலிலும், பிறகு வேலைக்கும் பேசப்போவது போர்ட்ஃபோலியோ, அதாவது அவன் செய்த வேலைகளின் தொகுப்பு. பறக்கிற மாதிரி பத்து ரேஸ் கார் வரைந்து அடுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஆள் எங்கே உட்காருவான், சக்கரம் திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் இருக்காது. காலையில் உங்கள் ஊரிலிருந்து கள்ளு கேன் ஏற்றிப் போகும் வண்டி ஒன்றை அளக்கச் சொல்லுங்கள்: தட்டின் உயரம், கேன் ஏற்றுபவரின் இடுப்பு உயரம், டிரைவரின் கண் மட்டம், வளைவில் கேன் சாயும் பக்கம். தொகுப்பில் இருக்க வேண்டியவை: அளவு, 30 ஸ்கெட்ச், ஆளும் இன்ஜினும் சுமையும் எங்கே அடங்கும் என்று காட்டும் பேக்கேஜ் வரைபடம், நாலில் ஒரு பங்கு களிமண் மாடல், தகடு அச்சில் அந்த வளைவு வருமா என்ற குறிப்பு. கடைசியதை எழுத மெக்கானிக்கல் படித்தவனால் முடியும். ஓவியம் மட்டும் தெரிந்தவன் அங்கே திணறுவான்.

கடன் வாங்கும் நாளில் வரிக்கழிவைப் பெரிதாகச் சொல்வார்கள். வட்டிக்கு மட்டும்தான், 8 வருடம் வரைதான், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். கூடவே ஒற்றை பிரீமியம் காப்பீடு ஒன்றைக் கடனிலேயே ஏற்றப் பார்ப்பார்கள். அந்த பிரீமியத்துக்கும் 10 வருடம் வட்டி ஓடும். மகன் பெயரில் தனியாக டேர்ம் பாலிசி எடுத்து வங்கிக்கு அசைன் செய்து (உரிமை மாற்றி) தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள்.